சித்தப்பாவுக்கு ஒரு பொட்டலம்

என் அடுப்பங்கரையில் ஒரு பீங்கான் கரண்டி இருக்கிறது. சீனர் கடைகளில் சூப்போடு வைப்பார்களே, குட்டிப் படகு மாதிரி, அது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. உள்ளே நீல மீன் ஒன்று வரைந்திருந்தார்கள்; தேய்ந்து தேய்ந்து இப்போது வாலும் ஒரு கண்ணும்தான் மிச்சம். அதில் நான் சூப்புக் குடித்ததில்லை, எண்ணெய்தான் அளக்கிறேன். சட்டி எவ்வளவு பெரியதானாலும், பசி எவ்வளவு கத்தினாலும், ஒரு கரண்டிதான். இது கேன்டீன் அக்காவின் அளவு. கரண்டியும் அவருடையதுதான். அதையும் அவர் எனக்கென்று கொடுக்கவில்லை, என் சித்தப்பாவுக்கென்று கொடுத்தார். எனக்குச் சித்தப்பாவே கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் காலாங் பக்கம் ஓர் அடுக்குமாடித் தொழிற்கூடத்தின் மூன்றாம் மாடியில், அச்சகம் ஒன்றில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை பார்த்தேன். குடியிருந்தது சிராங்கூன் ரோட்டுக்குப் பின்சந்தில், மளிகைக் கடை மாடியில் பலகை அடித்துப் பிரித்த ஓர் அறை. கட்டில் போட்டபின் மிச்ச இடத்தில் நான் நிற்கலாம், திரும்ப வேண்டுமென்றால் யோசிக்க வேண்டும். சமைக்க வழியில்லை. மூன்று வேளையும் கடைதான். மத்தியானம் மட்டும் தொழிற்கூடத்தின் கீழ்த்தளத்துக் கேன்டீன். அங்கே நாலு கடைகள், அதில் நம்மவர் கடை ஒன்று. அதைக் கணவனும் மனைவியும் நடத்தினார்கள். அண்ணன் முன்னால் நின்று பெரிய சட்டியில் வடையும் வாழைப்பழமும் கோழிக்காலும் பொரிப்பார். அக்கா பின்னால் மாவு கரைப்பார். பன்னிரண்டு மணிக்கு அந்தச் சட்டி சீறும் சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். சங்கு ஊதுவதற்கு முன்பே நாங்கள் படியில் இறங்கிக்கொண்டிருப்போம்.

அந்த அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவர், வாசலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. இரத்தக் குழாயெல்லாம் கொழுப்பு என்றார்களாம். கடை நாற்பது நாள் பூட்டிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது பெரிய சட்டியைக் காணோம். அந்த இடத்தில் மூன்றடுக்கு இட்லிப் பானை, புட்டுக் குழல், வேகவைத்த கடலை, வெள்ளரிக்காய், எண்ணெய் காட்டாத மீஹூன் என்கிற அரிசிச் சேமியா சூப். பிரட்டிய மீ நூடுல்ஸ் மட்டும் உண்டு, அதற்கும் ஒரு பீங்கான் கரண்டி எண்ணெய்தான். 'எண்ணெய் குறைவு' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். இன்றைக்கு அந்த அட்டை இல்லாத சாப்பாட்டுக் கடை கிடையாது. அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள், கடையில் எண்ணெய் தீர்ந்துவிட்டது போல, நாளைக்கு வரலாம் என்று போய்விட்டார்கள்.

எங்கள் மேசையில் ஏழெட்டுப் பேர். நான்தான் அங்கே கோமாளி. ஒரு நாள் நான் வாய் திறக்காவிட்டால், உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். அட்டையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த சனியன் எழுந்து நின்றது. கடைப்பக்கம் திரும்பி, கை கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டேன்: "சிஸ்டர், இது எத்தனாவது வார்டு? விசிட்டிங் டைம் எப்போ?"

மேசை குலுங்கிச் சிரித்தது. எங்களோடு உட்கார்கிற அச்சகச் சூப்பர்வைசருக்குப் புரையேறிவிட்டது. அக்காவும் சிரித்தார் என்றுதான் நினைவு. ஒரு வாரத்தில் சீன நண்பர்களும் மலாய் நண்பர்களும்கூட அந்தக் கடையை 'வார்டு' என்றே சொன்னார்கள். அப்புறம் அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட எவனுக்குத் தைரியம் வரும்? அக்கா துணியால் மேசையைத் துடைப்பார். யாரும் உட்காராத மேசை. சற்று நேரம் கழித்து மறுபடி துடைப்பார்.

கடவுளுக்கு என்னைவிட நகைச்சுவை அதிகம். அந்த வருடம் கம்பெனி எல்லோரையும் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பியது. டாக்டர் என் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். கொலஸ்ட்ரால். பொரித்ததை நிறுத்துங்கள் என்று அவர் சொன்னது சாதாரணமாகத்தான். என் காதில் அது சாவுமணியாக விழுந்தது. பஸ்ஸில் நாடி பிடித்துக்கொண்டே வந்தேன். பள்ளத்தில் பஸ் குதித்ததை என் இதயம் குதித்ததாக எண்ணி இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினேன். உயில் எழுத உட்கார்ந்தேன். ஒரு ரேடியோ, இரண்டு பெல்ட். யாருக்கு எழுதுவது என்று யோசித்தபோது எழுத ஆள் இல்லை. அதற்குத்தான் நான் நிஜமாகப் பயந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. நான் செத்துக் கிடந்தால் கதவை உடைக்கிறவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று தாழ்ப்பாள் போடாமல் படுத்தேன். முதல் வாரமே யாரோ என் புதுச் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டரைப் பார்த்ததற்கு மறுநாள் மூன்று மணி இடைவேளையில், கேன்டீன் காலியான நேரம் பார்த்து, வார்டுக்குப் போனேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். என் வாயிலிருந்து தானாக வந்தது: "என்கூடத் தங்கியிருக்காரு, எங்க சித்தப்பா. கொலஸ்ட்ராலாம். ஏதாச்சும் பொட்டலம் கட்டிக் குடுங்கக்கா." அவர் இட்லிப் பானையைத் திறந்தார். நாலு இட்லி, கொஞ்சம் கடலை, எண்ணெய்த்தாளில் மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டில் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, திருடனைப்போல் சாப்பிட்டேன்.

அது தினசரி வழக்கமாயிற்று. பன்னிரண்டு மணிக்கு வேறு கடையில் கோழிக்காலை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு நாலு பேருக்குப் பிய்த்துக் கொடுத்துவிடுவேன். தாராள மனசுக்காரன் என்று பெயர் கிடைத்தது. மூன்று மணிக்குச் சித்தப்பாவின் பொட்டலம். அக்கா விசாரிப்பார். "சித்தப்பாவுக்கு இன்னிக்கு எப்படி தம்பி? படி ஏறினா மூச்சு வாங்குதா?" நான் சொல்வேன். இடது தோளில் குத்துகிறதாம், விடிகாலை முழித்துக்கொள்கிறாராம், பேச ஆளில்லாமல் ரேடியோவோடு பேசுகிறாராம். எல்லாம் என் சங்கதி. மேசையில் எட்டுப் பேர் நடுவில் சொல்ல முடியாததை, இல்லாத ஒரு மனிதர் பெயரைச் சொல்லி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாயிறு பூசையில் சித்தப்பாவுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். நான் பொட்டலத்தின் ரப்பர் பேண்டை இழுத்துச் சரிசெய்தேன். அவர் கடைச் சுவரில் ஓர் ஆணி. அதில் இன்னும் ஐந்தாறு பொட்டலங்கள் பையில் போட்டுத் தொங்கும். அவை யாருக்கென்று நான் கேட்டதில்லை.

ஒரு வருடம் ஓடியிருக்கும். கடைகளுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தது. கட்டட மேனேஜர் அடுத்த வாரம் முழுக்க மத்தியானம் வந்து நிற்பார், எந்தக் கடையில் ஆள் உட்காருகிறது என்று பார்ப்பார், ஆளில்லாத கடையைக் கோழி பொரிக்கிற இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார் என்று அக்கா சொன்னார். பொட்டலத்தை நீட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "பொட்டலம் அவர் கண்ணுக்குத் தெரியாது லா. உக்காந்து சாப்பிடுற ஆளு வேணும். அந்த வாரம் மட்டும் சித்தப்பாவ மத்தியானம் கூட்டிட்டு வாங்களேன் தம்பி."

சரி என்று தலையாட்டினேன். ஞாயிறு முழுவதும் ஒத்திகை பார்த்தேன். நான் போய் உட்கார்ந்தால் மேசையில் பாதிப் பேராவது பின்னால் வருவார்கள். நான் செய்வதைச் செய்கிற கூட்டம் அது. திங்கட்கிழமை பன்னிரண்டு மணி. மேனேஜர் சட்டைப்பையில் பேனாவோடு தூண் ஓரமாக நிற்கிறார். எழுந்தேன். வார்டைப் பார்த்து ஏழெட்டு அடி நடந்தும்விட்டேன். பின்னாலிருந்து சூப்பர்வைசர் குரல்: "என்னய்யா, அட்மிட் ஆகப் போறியா?"

என்னுடைய ஜோக். நான் பெற்ற பிள்ளை. மேசை சிரித்தது. என் கால் தானாக வளைந்து காப்பி, டீ விற்கிற தண்ணிக் கடைக்குப் போயிற்று. "ஒரு கோப்பி" என்றேன். கோப்பியோடு திரும்பும்போது அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். செவ்வாய் முயலவில்லை. புதன், வியாழன் மெஷின் பழுது என்று கீழே இறங்கவேயில்லை. மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இடம் கோழி பொரிக்கிறவருக்குப் போயிற்று. அக்கா கடையின் கடைசி நாள் மூன்று மணிக்குப் போனேன். சாமான்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் வீட்டுக்குப் போகப்போகிறாராம். என் பொட்டலம் தயாராக இருந்தது. அதன்மேல் இந்தப் பீங்கான் கரண்டியை வைத்தார்.

"சித்தப்பாகிட்ட குடுங்க. ஒரு சட்டிக்கு இவ்வளவுதான் எண்ணெய்னு சொல்லுங்க." பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினார். முடிச்சை இறுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நல்ல மனுஷன்தான் தம்பி அவரு. ஒருநாளாச்சும் வந்து உக்காந்து சாப்பிட்டிருக்கலாம்."

பொட்டலத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு படியேறினேன்.

இப்போது எனக்கு நாற்பத்தெட்டு. அம்மாவும் நானும் சேர்ந்து அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டு ஈசூனில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. சாவி வந்த வருடமே அம்மா போய்விட்டார். மூன்று அறை வீடு. இப்போது தாராளமாகத் திரும்பலாம், திரும்பிப் பார்த்தால்தான் யாருமில்லை. எம்ஆர்டி ரயில் வந்துவிட்டது. நிலையத்துக்குப் பக்கத்து உணவங்காடியில் ஆவியில் வேகவைத்ததும் பச்சைக் காய்கறியும் மட்டும் விற்கிற கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். ஆபீஸ் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கி, நடு மேசையில் உட்கார்ந்து, எனக்குக் கொலஸ்ட்ரால், உனக்கு எவ்வளவு என்று பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். அக்கா கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டார்.

போன மாதம் அந்த வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் பழைய சூப்பர்வைசர் நின்றார். ஓய்வு பெற்று இளைத்திருந்தார். எதிரெதிரே உட்கார்ந்தோம். வார்டு அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் இட்லியைப் பிய்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "உன்கிட்ட சொன்னா சிரிப்பே. நான் அந்தக்கா கடையில தினம் பொட்டலம் வாங்குவேன்யா. நாலு மணிக்குப் போவேன். வீட்டுக்காரிக்கு சுகர்னு சொல்லி வச்சிருந்தேன்." இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, "நம்ம மேசை பைண்டிங்காரனும்தான் வாங்குவான். அவன் மாமியாருக்குன்னு" என்றார்.

நான் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த ஆணி ஞாபகம் வந்தது. ஐந்தாறு பைகள். எங்கள் மேசையே அந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அக்காவுக்கு அத்தனை பேரையும் தெரியும். எங்களுக்குத்தான் ஒருவரை ஒருவர் தெரியவில்லை. சித்தப்பாவைப் பற்றிச் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை. அக்கா இப்போது எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மீ பிரட்டினேன். ஒரு கரண்டி எண்ணெய். அடுப்பங்கரையில் நின்றபடியே சட்டியிலிருந்து அள்ளிச் சாப்பிடுவது என் வழக்கம்; ஓர் ஆளுக்கு எதற்குத் தட்டு, மேசை எல்லாம் என்று விட்டுவிட்டேன். அன்று தட்டில் போட்டேன். மேசையைத் துணியால் துடைத்தேன். வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன், நடைவழியில் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று. கரண்டியைக் கழுவி, வாலும் கண்ணும் மேலே தெரியும்படி தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, சித்தப்பா உட்கார்ந்து சாப்பிட்டார்.