ஸ்ப்ரே அடிக்காத படம்

கரியால் படம் வரையும்போது சித்தி தாளில் கை வைக்கமாட்டாள். தாளுக்கு மேலே குறுக்காக ஒரு மரச்சட்டம் கிடக்கும், மணிக்கட்டு அதன்மேல்தான். பென்சில் வேலை என்றால் கைக்கு அடியில் பட்டர் பேப்பர். மேல் இடது மூலையில் தொடங்கிக் கீழே இறங்குவாள். வரைந்த இடத்துக்கு மறுபடி கை போகாது. கரித்தூளை ஊதவும் மாட்டாள். எச்சில் தெறித்தால் முகத்தில் மரு முளைத்துவிடும் என்பாள். பலகையைச் சாய்த்துப் பின்னால் ஒரு தட்டு, அவ்வளவுதான். முடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய், கரியைத் தாளோடு பிடித்துவைக்கும் ஸ்ப்ரேயைத் தள்ளி நின்று பனி மாதிரி அடிப்பாள். காயவிட்டு இன்னொரு முறை. அதுவும் காய்ந்தபின் மூன்றாவது முறை.

"ரெண்டு தடவை போதாதா சித்தி?" என்று கேட்டேன். கல்லூரிக்காக வந்து அவள் வீட்டில் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எதையும் கேட்டுவிடும் துணிச்சல் இருந்தது.

"படத்துக்கு ரெண்டு போதும். மூணாவது உங்க பெரிய மாமாவோட துண்டுக்கு."

பெரிய மாமா, சித்திக்கும் என் அம்மாவுக்கும் அண்ணன். கடைத்தெருவில் ஃப்ரேம் கடை வைத்திருந்தார். இறந்துபோனவர்களின் போட்டோவைக் கொடுத்தால் கரியில் பெரிதாக வரைந்து சட்டம் போட்டுத் தருவார் என்று ஊரில் பெயர். வரைவது சித்தி, வீட்டில். சட்டம் மட்டும்தான் அவர். கண்ணாடி வைப்பதற்கு முன் தோள் துண்டால் படத்தை ஒரு துடை துடைப்பார். பிறகு பென்சிலை எடுத்துக் கீழே தன் பெயரை வளைத்து எழுதுவார். கரி தொட்டால் கலையும் என்பதே அவருக்குத் தெரியாது. அத்தனை வருஷம் கரியில் பிழைத்தவருக்கு! சித்தி சொன்னதில்லை, அவர் கேட்டதுமில்லை.

கையெழுத்தைப் பற்றிச் சித்தி ஒருமுறை வாய் திறந்தாள். "என் பேருதானே ஊருக்குத் தெரியும்? உன்னை யாருக்குத் தெரியும்?" என்றார் மாமா. சித்தி மென்று விழுங்கிக்கொண்டாள்.

வியாபாரிகள் சங்கம் அவரைக் கௌரவிக்காமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். மேடையோரம் சித்தியின் படங்கள் வரிசையாக நின்றன. மாமா மைக்கைப் பிடித்து, "என் தங்கச்சியையும் சொல்லணும். எனக்குப் பென்சில் சீவிக் குடுக்கிறது அவதான்" என்றார். கைதட்டல். பக்கத்து நாற்காலிக்காரர் வேறு, "நல்லா சீவுங்கம்மா" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சித்தி, "இருக்கட்டும்" என்றாள்.

அடுத்து வந்தது வக்கீலம்மாவின் அப்பா படம். அந்த அம்மா எழுந்து நின்றாலே எதிர்த்தரப்பு வக்கீல் தண்ணீர் கேட்பார் என்பார்கள். சித்தி அதே முகத்தை இரண்டு தாளில் வரைந்தாள். ஒன்றுக்கு மூன்று முறை ஸ்ப்ரே அடித்து அட்டைப் பைக்குள் வைத்தாள். மற்றதற்கு அடிக்கவே இல்லை. அதைக் கடைக்குக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்துவிட்டு, என்றும் உடனே திரும்புகிறவள், அன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் பையோடு நின்றேன்.

வக்கீலம்மா வந்து பார்த்ததும் கண் கலங்கினார். "அப்படியே அப்பாதான் சார். உங்க கைக்கு..."

மாமா பணிவாகச் சிரித்துக்கொண்டே துண்டால் ஒரு துடை துடைத்தார்.

மூக்கு காதுவரை போனது.

"என்ன சார் இது? எங்கப்பாவுக்கு மீசையே கிடையாதே!"

மாமா பதறி மறுபடி துடைத்தார். தாடியும் வந்தது.

"தாள் சரியில்லம்மா... கரியில ஏதோ கலப்படம்..."

"நீங்கதானே வரைஞ்சீங்க? உக்காந்து சரி பண்ணுங்க. நான் இருக்கேன்."

"வெளிச்சம் பத்தாது..."

நான் லைட்டைப் போட்டேன். சித்தி எழுந்து ஒரு கரித்துண்டை நீட்டினாள். "இந்தாண்ணா. நல்லா சீவி வச்சிருக்கேன்."

மாமா இழுத்த ஒரே கோட்டில் பெரியவரின் இடது கண் கோழிமுட்டை ஆனது. வக்கீலம்மா கரித்துண்டையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். சித்தி பையிலிருந்த படத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, மாமாவின் துண்டாலேயே துடைத்துக் காட்டினாள். ஒரு முடி நகரவில்லை. கீழே சித்தியின் பெயர் இருந்தது.

"அப்போ இத்தனை நாளா வரைஞ்சது யாரும்மா?"

"எல்லாமே நான்தான்."

விஷயம் தெரிந்து அம்மா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். "ஊரே சிரிக்குதுடி. என்ன இருந்தாலும் அண்ணன். இதோட விட்டுடு."

"சிரிச்சவங்க நாளைக்கு மறந்துடுவாங்கக்கா. வீட்டுக்கு வீடு சுவத்துல இன்னும் அவன் பேருதான் தொங்குது."

"அதுக்கு என்ன பண்ண முடியும்?"

"என் கரி ஸ்ப்ரேக்குக் கீழ இருக்கு. அவன் பேரு ஸ்ப்ரேக்கு மேல இருக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமா எழுதியதெல்லாம் காய்ந்த ஸ்ப்ரேயின்மேல் வெறும் பென்சில். ரப்பர் பட்டால் பெயர் போகும், படம் போகாது.

சித்தி வீடு வீடாகக் கிளம்பினாள். வக்கீலம்மா போகிற இடமெல்லாம் சொல்லியிருந்ததால் யாரும் மறுக்கவில்லை. சில வீடுகளில் பிள்ளைகளின் ரப்பரை அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றி, பெயரைத் துடைத்து, தன் பெயரை எழுதி, அதன்மேல் ஸ்ப்ரே அடிப்பாள். "அண்ணன் பாவம்மா" என்ற ஒருவரிடம், "ஆமா, பாவம்" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள்.

கடைசியில் மாமாவின் கடைக்கே போனாள். கல்லாவுக்கு மேலே தாத்தாவின் படம். சித்தி முதன்முதலாக வரைந்தது. ஸ்டூலில் ஏறிக் கழற்றினாள்.

"இதை மட்டும் விட்டுடும்மா," என்றார் மாமா. "அப்பா படம்."

"அப்பாவைத் தொடலண்ணா. உன்னைத்தான் துடைக்கிறேன்."

நிதானமாகத் துடைத்தாள். தன் பெயரை எழுதினாள், ஸ்ப்ரே அடித்தாள், காயும்வரை அவரெதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு படத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"கண்ணாடியை நீ மாட்டு. அந்த வேலை உனக்கு நல்லா வரும்."

மாமா சுத்தியலைத் தேடி எடுத்தார்.