பெட்ரோல் டாங்கிக்குக் கட்டுப் போட்ட டாக்டர்

செய்தி வந்தபோது நான் டிஸ்பென்சரியில் இருமல் மிக்ஸ்சர் கலக்கிக்கொண்டிருந்தேன். மீரான் டாக்டருடைய மைத்துனர் படி ஏறாமல் வாசலிலேயே நின்றார். "மச்சான் போயிட்டாவ, கம்பவுண்டரே" என்றார். முதல்நாள் மத்தியானம் நெஞ்சுவலி வந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தங்கை வீட்டு விசேஷத்துக்காக நான் சாத்தூருக்குப் போயிருந்த நேரம் அது.

"கார் ஸ்டார்ட் ஆச்சா?" என்று கேட்டேன்.

"ஒரே சுத்துல ஆயிட்டு. வழியிலயும் நிக்கல."

மருந்துக்கு நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மனிதரே போய்விட்டார், இவனுக்குக் காரைப் பற்றி என்ன விசாரணை என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது அந்தக் காரைத் தள்ளியிருப்பீர்கள். காலையில் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் செருமும், இருமும், அடங்கிவிடும். உடனே டாக்டர் திரும்பி, "காய்ச்சல் இல்லாதவங்க எல்லாம் கொஞ்சம் வாங்க" என்பார். வயிற்றுவலிக்காரர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். தள்ளிவிட்டவர்களுக்குத்தான் முதலில் மருந்து என்று எங்கள் டிஸ்பென்சரியில் ஒரு வழக்கமே இருந்தது.

நோயாளியைப் பார்க்கிற மாதிரியேதான் காரையும் பார்ப்பார். பானட்டைத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பார். பிளக்கில் பொறி வந்தால் "நாடி இருக்கு வே" என்பார். என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் 'வே'தான். பிளக்கை மாற்றினார், பாட்டரியை மாற்றினார், மெக்கானிக்கையும் மாற்றினார். கார் மட்டும் மாறவில்லை.

ஒரு கோடையில் நம் கரிசல் புழுதி பெட்ரோலில் இறங்கி கார்புரேட்டரை அடைத்துவிட்டது. சுத்தம் செய்து கொடுத்த மெக்கானிக், தூசி போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். டாக்டரிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. பெட்ரோல் டாங்கி மூடியின் மேல் பஞ்சு வைத்து, துணி சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்திரியும் இறுக்கி ஒட்டிவிட்டார். "புண்ணைத் திறந்து போடக் கூடாது வே" என்று பெருமை வேறு. அந்தக் கட்டை வேறு யாரும் தொடக் கூடாது. மெக்கானிக்குகள் கை வைத்தால், "சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா" என்று விரட்டுவார். கார் கிளம்புவது கஷ்டமானதும், போகிற வழியில் நிற்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்படியிருக்கும்போது ஒருநாள், பசுவந்தனைப் பக்கத்தில் காடு உழுகிற குருசாமி என்ற சம்சாரி பஸ்ஸில் வந்து இறங்கினார். மனைவிக்குப் பிரசவமாகிவிட்டது, பிள்ளை நன்றாயிருக்கிறது, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. அவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பாதி வழியில் கார் நின்றுவிட்டது. சுற்றிலும் வெடித்துக் கிடந்த கரிசல், பருத்தி எடுத்து முடிந்து காய்ந்து நின்ற மார்க்குச்சிகள். ஆளும் இல்லை, வண்டியும் இல்லை.

டாக்டர் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஹேண்டிலை நான் சுற்றினேன், குருசாமி சுற்றினார். கடைசியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் கட்டைப் பிரித்து மூடியைத் திறந்தார். இருந்தது. மறுபடி புதுக் கட்டுப் போட்டார். கார் கிளம்பிவிட்டது. சந்தோஷப்பட்டோம். கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது.

"ஐயா, நான் ஓடியே போறேன். அவ என்னைத் தேடுவா" என்று குருசாமி இறங்கி ஓடினார். மருத்துவம் தெரிந்த நாங்கள் இருவரும் ரோட்டில் நின்றோம். தெரியாதவர் நோயாளியிடம் ஓடிக்கொண்டிருந்தார்.

டாக்டர் மறுபடியும் கட்டைப் பிரித்தார். இந்தத் தடவை அவர் காது பக்கத்தில் இருந்தது. மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று டாங்கி காற்றை உள்ளே இழுத்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மூச்சை இழுக்குது வே. மூடியில மூச்சு விடுறதுக்கு ஒரு ஓட்டை இருக்கு. நாந்தான் அடைச்சு வச்சிருக்கேன்."

உள்ளே காற்றுப் போனால்தானே வெளியே பெட்ரோல் வரும். கட்டைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தார். அதன் பிறகு கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை. வழியில் குருசாமியை ஏற்றிக்கொண்டோம். வீட்டை நெருங்கும்போதே பெண்கள் ஒப்பாரி வைக்கிற சத்தம் கேட்டுவிட்டது.

டாக்டர் மறைக்கவில்லை. குருசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போட்ட கட்டாலதான் கார் நின்னுது. நேரத்துக்கு வந்திருந்தா பொழைச்சிருப்பா" என்றார்.

"நீங்க வாரதுக்குள்ள விதி முந்திக்கிட்டுது, ஐயா. நீங்க என்ன செய்வீங்க" என்றார் குருசாமி. டாக்டர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசிவரைக்கும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அதிலிருந்து எந்த ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் அந்த மூடியின் ஓட்டையை ஊதிப் பார்ப்பார். "நேரத்துக்குப் போய்ச் சேந்தாப் போதும் வே, மத்தது தன்னால நடக்கும்" என்பார். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவர். ஆனால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பசுவந்தனை ரோட்டில் வந்துதான் நிற்கும். உங்கள் மேல் தப்பில்லை ஐயா என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "அவ பொழைச்சிருக்க மாட்டான்னு ஒமக்கு எப்படி வே தெரியும்?" என்று ஒருதடவை கேட்டார். நான் மிக்ஸ்சர் கலக்கப் போய்விட்டேன்.

இப்போது ஒரு பதில் வந்திருக்கிறது. கார் ஒரே சுற்றில் கிளம்பியது. வழியில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவரே இறங்கி நடந்தாராம். பெரிய டாக்டர்கள் எல்லாரும் கூடி, இருக்கிற வைத்தியத்தையெல்லாம் பார்த்திருக்கிறார்கள். பொழுது சாயும்போது போய்விட்டார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தும் நடக்கவில்லை ஐயா. அந்தப் பெண்ணுக்கும் இப்படித்தான் ஆகியிருக்கலாம். அவருக்காக நான் வைத்திருப்பது இந்த ஒரு பதில்தான். இதை யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவரைத்தான் நேற்று அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.