மூன்று முறை செத்த பெரியப்பா

சிவரூபினிக்கு ஒரே ஒரு பெரியப்பாதான். அவரும் டொரன்டோவில் கொஞ்சம் நீரிழிவைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறார். ஆனால் லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இராஜேந்திரன் ரோல்ஸ் பொரித்து விற்கும் கிச்சனின் லீவுப் புத்தகத்தில் அவர் ஏற்கனவே இரண்டு முறை செத்துவிட்டார். இந்த வியாழக்கிழமை மூன்றாவது முறை சாக இருந்தார்.

அந்தப் புத்தகத்தை எழுதுபவளே சிவரூபினிதான். பதினொரு வருடமாகப் பதினான்கு பேரின் சம்பளமும் லீவும் அவள் பொறுப்பு. காரணத்தைக் கேட்டுவிட்டு அவளைத் திட்டுங்கள். வருத்தம், உடம்புக்கு முடியவில்லை என்று லீவு எடுத்தால் முதல் மூன்று நாளுக்குச் சம்பளமில்லை. நாட்டுச் சட்டம் அப்படி. கிழமைக்குப் பத்து மணித்தியாலம் மட்டும் வேலை செய்கிறவளுக்கு எத்தனை நாள் படுத்தாலும் ஒன்றுமில்லை. அதோடு ஒருமுறை ‘வருத்தக்காரி’ என்று பெயர் எடுத்தால் ஷிப்டும் குறையும். செத்தவீட்டுக்கோ இராஜேந்திரன் சம்பளம் வெட்டமாட்டார். அது பாவம் என்பது அவர் எண்ணம். பிறகென்ன? காய்ச்சல் வந்தால் மாமா சாவார், நாரி பிடித்து இடுப்பு நிமிராவிட்டால் சித்தி சாவாள்.

இந்த முறை வந்தது காய்ச்சலல்ல. இடது மார்பில் ஒரு கட்டி. வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்கப்போகிறார்கள். புருஷன் இல்லாத வீடு, படிக்கிற பிள்ளைகள் இரண்டு. இந்த வேலை போனால் அவளுக்கு வேறு போக்கிடமில்லை. அதனால் பெரியப்பா சாகத்தான் வேண்டியிருந்தது. வியாழனுக்குச் செத்தவீடு என்று புத்தகத்தில் எழுதி, இராஜேந்திரனிடமும் சொல்லிவிட்டாள்.

அதற்கு முதல் நாள் பின்னேரம் இல்ஃபோர்டில் ஒரு கடையின் மேல்மாடியில் தமிழ் வர்த்தகர் கூட்டம். நோய்க்காலச் சம்பளத்தை முதல் நாளிலிருந்தே கொடுக்கவேண்டும், குறைந்த சம்பளக்காரருக்கும் கொடுக்கவேண்டும் என்று அரசாங்கம் சட்டத்தை மாற்றப் புறப்பட்டிருந்தது. குறைந்த சம்பளக்காரருக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு எத்தனை வீதம், அறுபதா, எண்பதா, இடையில் ஒன்றா என்று அபிப்பிராயமும் கேட்டிருந்தது. பழைய சட்டத்தையும் புதிய யோசனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் கடைக்கு என்ன செலவு என்று ஒப்பிட்டுத் தரும்படி வர்த்தகர் சங்கம் முன்பே சிவரூபினியிடம் சொல்லியிருந்தது. பன்னிரண்டு கடைகளின் லீவுப் புத்தகங்கள் அவள் மேசைக்கு வந்திருந்தன.

எல்லாவற்றையும் கூட்டினாள். ஒரு வருடத்தில் வருத்தம், நான்கு நாள். செத்தவீடு, எண்பத்தேழு நாள். தன் கிச்சனில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று அதுவரை நினைத்திருந்தாள்.

கூட்டத்துக்குக் கடை வேனில் போகும்போது இராஜேந்திரன் கேட்டார்.

“நாளைக்குச் செத்தவீடு எந்த ஹோல் பிள்ளை?”

“இன்னும் சரியாத் தெரியேல்லை, அண்ணை.”

“தெரிஞ்ச உடனை சொல்லு. நானும் வாறன். போனமுறையும் உன்ரை மற்றப் பெரியப்பாவின்ரை செத்தவீட்டுக்கு வரேலாமப் போச்சு.”

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த ஒப்பீட்டு அட்டவணையைச் சுருட்டிப் பிடித்தாள்.

கூட்டத்தில் அட்டவணையை முதலில் படித்து முடித்தவர் நோர்பரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஞானேஸ்வரன். வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

“பழைய சட்டமோ, அறுபதோ, எண்பதோ, எங்களுக்கு எல்லாம் ஒண்டுதான்! பன்னிரண்டு கடைக்கும் வருஷத்துக்கு நாலு நாள். எங்கடை சனத்துக்கு வருத்தம் வாறேல்லை. இந்த மாற்றம் தேவையில்லை எண்டு எழுதி, இந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்புவம்.”

அங்கேயே கடிதத்தை எழுதிக் கையெழுத்துக்குச் சுற்ற விட்டார்கள். அப்போது இராஜேந்திரன் எழுந்தார். நல்ல மனுஷன், அந்த நல்ல மனம்தான் அன்றைக்கு அவளைக் கொன்றது.

“இவ நாளைக்குப் பெரியப்பாவின்ரை செத்தவீட்டை வைச்சுக்கொண்டு இதைச் செய்து தந்திருக்கிறா. நாங்கள் எல்லாரும் போகவேணும்.”

“மலர்வளையத்துக்கு நான் சொல்லுறன்,” என்று ஞானேஸ்வரன் போனை எடுத்தார். “செத்தவரின்ரை பேர் என்ன பிள்ளை?”

கள்ளனுக்குத் தேள் கொட்டியதுபோல் அவள் நின்றாள். செல்லத்துரை என்று சொல்லலாம், கந்தையா என்று சொல்லலாம். யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? பார்க்கத்தான் போகிறார்கள், பன்னிரண்டு பேரும், மலர்வளையத்தோடு. பயத்துக்கு மேலால் அவளுக்குக் கோபமும் வந்தது. தன் பொய்யைக் கூட்டிப் பெருக்கித்தானே இந்தக் கடிதம் போகிறது!

“ஒருத்தரும் சாகேல்லை,” என்றாள். “எனக்கு நெஞ்சிலை ஒரு கட்டி. நாளைக்கு டெஸ்ட். மற்றாக்களின்ரை எனக்குத் தெரியாது. நான் எனக்கெண்டு எழுதின செத்தவீடு ஒண்டும் உண்மை இல்லை.”

திருப்பிக் கொடுப்பதற்காக அவள் கொண்டுவந்திருந்த லீவுப் புத்தகங்கள் மேசையில் கிடந்தன. முதலில் ஒருவர், பிறகு எல்லோரும், தங்கள் தங்கள் லீவுப் புத்தகத்தை இழுத்து விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினார்கள். “போன மாசி மாசம் எங்கடை கடையிலை காசு வாங்கிற தில்லில நிக்கிற பிள்ளையின்ரை மாமி...” என்று தொடங்கிய ஞானேஸ்வரன் பாதியில் நிறுத்திவிட்டார். கடிதம் கையெழுத்தில்லாமல் மேசையில் கிடந்தது.

கூட்டம் முடிந்து இருவரும் பார்க்கிங்குக்குத் திரும்பினார்கள். வேலை போய்விட்டது என்றே சிவரூபினி நினைத்தாள். கிச்சனுக்குள் வந்ததும் அவர் லீவுப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் போட்டார். மாவு உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

“செத்ததுக்குத் தாறவன், வருத்தத்துக்குத் தரமாட்டன் எண்டு நினைச்சியோ?”

“நீங்கள் ஒருநாளும் தந்ததில்லையே, அண்ணை.”

அவர் முகம் சுருங்கியது.

“நாளைக்கு எழுதினதை வெட்டு,” என்றார் கடைசியில். “வருத்தம் எண்டு எழுது. சம்பளம் உண்டு எண்டும் எழுது.”

அவள் வெட்டினாள். மேலே ‘வருத்தம்’ என்று எழுதினாள். பதினொரு வருடத்தில் தன் பெயருக்கு நேரே அந்தச் சொல்லை அவள் எழுதியதேயில்லை.

எண்ணெய்ச் சட்டியடியில் நின்ற கனகாம்பிகை அடுப்பை அணைத்துவிட்டு மெல்ல வந்தாள்.

“அக்கா, வெள்ளிக்கிழமை எனக்கும் லீவு வேணும்.”

“என்ன காரணம்?”

கனகாம்பிகை இராஜேந்திரனைப் பார்த்தாள். அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“மாமா...” என்று தொடங்கினாள். பிறகு தலையை ஆட்டினாள். “இல்லை அக்கா. எனக்கு மூண்டு மாசமா இரத்தம் போகுது.”