பதினைந்தாவது பொருள்

என்னிடம் ஒரு திருவலையின் வரைபடம் இருக்கிறது. உட்கார்ந்து தேங்காய் துருவும் பலகையும் அதன் இரும்பு நாக்கும். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம், நாக்கின் சரிவு, பற்களின் எண்ணிக்கை. தொழில்நுட்பக் கல்லூரியை முடித்த கையோடு வரைந்தது. அளவுகளில் இன்றைக்கும் பிழை சொல்ல முடியாது.

இலங்கையில் போர்க்காலம். சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த சனங்களின் முகாமில், ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் களஞ்சியத்தில் எனக்குப் பட்டியல் எழுதும் வேலை. பொறுப்பாளர் கிண்ணியாக்காரர், எல்லோருக்கும் அவர் நானா; முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல். குடும்பத்துக்குப் பதினான்கு பொருட்கள். உலகில் எங்கே அகதிகள் இருந்தாலும் இதே பதினான்குதான் என்று பயிற்சியில் சொன்னார்கள். அதில் தகரப் பேணி திறக்கும் கருவி இருந்தது; நாங்கள் பேணியில் அடைத்த உணவு எதுவும் கொடுக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து ஒரு வியாபாரி லொறி நிறையத் தேங்காய் அனுப்பியபோதுதான் திருவலை இல்லாதது தெரிந்தது. பெண்கள் தேங்காயைக் கத்தியால் கீறிக் கல்லில் நசுக்கி, தேங்காய்ப்பால் சொதி என்ற பெயரில் வெளிறிய தண்ணீர் வைத்தார்கள்.

மறுநாள் நானா தன் வீட்டுத் திருவலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பட்டியலில் இல்லாத பொருள் களஞ்சியத்தில் இருந்தால் பொறுப்பாளரின் வேலை போகும். அந்த விதியை அவருக்கு வாசித்துக் காட்டியவளே நான்தான். சில நாட்களில் வாசலில் நீண்ட வரிசை. அதில் நின்ற ஒரு அக்கா கேட்டாள்: "இதைக் கொண்டுவந்திட்டீங்கள், வீட்டில மனிசி என்னத்தைத் துருவுறா?"

"மூணு நாளா என்னையத்தான் துருவுறா, புள்ள."

எனக்கோ, அந்தப் பட்டியலை யார், எப்படிப்பட்ட குசினியில் சமைப்பதை நினைத்து எழுதியிருப்பார் என்பதே யோசனை. நானாவிடம் கேட்டேன்.

"எழுதின ஆளில பிழையில்ல. அவர் தேங்காயக் காணல்ல, அவ்வளவுதான். நீங்க காட்டுங்க" என்றார்.

மாதமுடிவில் மேற்பார்வைக்கு ஆள் வருமுன் திருவலை பட்டியலில் ஏறினால் அவர் வேலை தப்பும். வரைந்து, பதினைந்தாவது பொருள் என்று எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினேன். அனுமதி வந்தது. பின்னால் மரப்பெட்டிகளும் வந்தன. திறந்தால், மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றும் பளபளப்பான இயந்திரங்கள். முகாம் முழுவதிலும் இருந்த மேசை என்னுடையது ஒன்றுதான்.

நானா சிரிக்கவில்லை. ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து விளிம்பில் இயந்திரத்தைப் பூட்டி, ஒரு நிறைமாதப் பெண்ணைக் கூப்பிட்டார். குந்த ஏலாமல், வரிசையில் நின்று, துருவித் தரும்படி தேங்காயை மற்றவர்களிடம் நீட்டுகிறவள். நின்றபடியே சுற்றினாள். தேங்காய்ப்பூ விழுந்தது. "எனக்கு இதுதான் வேணும், நானா" என்றாள். மற்றவர்கள் திரும்பவும் திருவலைக்கே வரிசையில் நின்றார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் இரண்டையும் பார்த்துவிட்டு, பதினைந்துக்கு எதிரே சரி போட்டார்.

இப்போது வேறு நாடுகளுக்குப் போகும் பட்டியல்களைச் சரிபார்ப்பது என் வேலை. நான் காணாத ஊர்களில் உள்ளவர்களைத் தொலைபேசியில் அழைத்து, சமைக்கும்போது எங்கே உட்காருவீர்கள் என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், பிறகு நெடுநேரம் சொல்கிறார்கள். தொலைபேசியை வைத்த பின் அந்தப் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்ப்பேன். மூன்று தோற்றங்களிலும் அளவுகள் சரி. ஒன்றில்கூட, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளை நான் வரைந்திருக்கவில்லை.