பாமாயில் கப்பலுக்கு ‘சரி’ சொல்லாத நூர்ஜஹான் அக்கா

அக்காவைப் பற்றி எழுத என்னைவிட அதிகம் பழகியவர்கள் நம் அலுவலகத்தில் இருக்கிறார்கள். இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னபோது, எழுந்து நின்றுவிட்டு ஒன்றும் வராமல் உட்கார்ந்தேன். அதனால்தான் நம் அலுவலக மலரில் இவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தபோது திருப்பரங்குன்றம் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். “அம்மா மௌத்தாயிட்டாங்கக்கா. தூக்கத்துலயே போயிட்டாங்க” என்றாள் அக்காவின் மகள். கடைசி மாதங்களில் அக்கா பட்ட வலியைப் பார்த்தவள் நான். அழுகைக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதிக்கு இன்னொரு காரணமும் உண்டு.

கடலே இல்லாத மதுரையில் கப்பல் அலுவலகமா என்று கேட்பவர்களிடம் அக்கா சொல்வார்: “கடலுக்குப் போனா எனக்கு வாந்தி வரும். இங்கன உக்காந்து பாக்குறதுதான் தோது.” அவர் பார்த்தது சான்றிதழ்களை. தீங்கு தரும் திரவங்களைத் தொட்டிகளில் ஏற்றிச் செல்லும் கப்பலுக்கு, அதற்குரிய தகுதி உண்டு என்று சான்றிதழ் வேண்டும். பல ஆண்டுகளுக்குக் கொடுத்தாலும், ஆண்டுதோறும் ஆய்வாளர் கப்பலேறிச் சோதித்து அதில் முத்திரை வைக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் முத்திரை விழாவிட்டால் அது செல்லாது. முத்திரையைக் கண்ணால் பார்க்காமல், சரக்கு ஏற்றலாம் என்று எந்தக் கப்பலுக்கும் அக்கா ‘சரி’ எழுதியதில்லை.

என் தம்பி பாண்டி அப்படியொரு கப்பலில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். அவன் மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாமாயில் ஏற்றிப்போய் அடுத்த துறைமுகத்தில் இறக்கியதும் அவன் ஊருக்கு வருவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து, ஆண்டு ஆய்வு நடக்காமலே தவணை முடிந்துவிட்டது தெரியவந்தது. ஆய்வு நடந்துகொண்டிருப்பதாக எழுதி இப்போதைக்கு அனுப்பிவிடலாமே என்றார் அன்று பொறுப்பிலிருந்த அதிகாரி. அக்கா எழுதவில்லை. கப்பல் சரக்கு ஏற்றாமல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது.

எழுமலையிலிருந்து அப்பா என்னை அழைத்தார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். நான் சொன்னால் அலுவலகத்தில் கேட்பார்கள் என்று அவர் நம்பினார். எனக்கோ அக்காவின் மேசைவரை போகவே கால் வரவில்லை. கையில் போனோடு நான் நின்ற நிலையைப் பார்த்து, அக்காவே எழுந்து வந்து அதை வாங்கி, நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

“பாமாயிலு ஏத்துறதுக்கு என்னம்மா சர்டிபிகேட்டு? ரேஷன்ல வாங்கி வருசம்பூராத் திங்கிறோம், எங்களுக்கு என்ன கேடு வந்துச்சு?” என்றார் அப்பா.

“நீங்க திங்கிறது கரண்டி எண்ணெய்ண்ணே. தொட்டி கழுவுன தண்ணியோட அது கடல்ல போனா கட்டிகட்டியா மெதக்கும். மீனு, பறவையெல்லாம் சாகும். அதான் சட்டம் வச்சிருக்காக.”

“எம் மருமக வலியெடுத்துக் கெடக்கையில மீனப் பத்திப் பேசுறீக.”

“பாண்டி சீக்கிரம் வரணும்னுதாண்ணே எனக்கும். ஆனா முத்திரை விழுகாம நான் எழுத மாட்டேன். நீங்க சாப்பிட்டீகளா?”

அப்பா போனை வைத்துவிட்டார்.

ஆய்வாளர் போய்த் தண்ணீர் விட்டுச் சோதித்தபோது, ஒரு தொட்டியில் பம்பு சரியாக உறிஞ்சாமல், அனுமதித்த அளவைவிட அதிகம் தேங்கி நின்றது. பழுது பார்த்து, மறுபடி சோதித்து, முத்திரை விழுந்து கப்பல் கிளம்பியது. பாண்டி வந்துசேர்ந்தபோது பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. பழுதையும் முத்திரை இல்லாததையும் வெளிநாட்டுத் துறைமுகத்தில் கண்டுபிடித்திருந்தால், கப்பலைப் பிடித்துவைத்திருப்பார்கள், எப்போது விட்டிருப்பார்களோ என்று அவனே வீட்டில் சொன்னான். ஆனாலும் அப்பாவுக்கு அக்கா ‘அந்தப் பொம்பள’தான்.

அது அக்காவை அரித்தது. “ஒங்க வீட்ல இன்னும் வையிறாகளா, செல்வி?” என்று என்னிடம் கேட்பார். நோயில் படுத்த பிறகும் கேட்டார். இல்லை என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அக்கா இப்படிக் கேட்பதை அப்பாவிடம் போய்ச் சொன்னேன். மறுவாரம் அவரே பாண்டியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு தெற்குவாசலில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்தார்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பிறகு, “கோவத்துல என்னென்னமோ பேசிட்டேன் தாயி. எம் மகன் முழுசா வந்துட்டான். அது போதும்” என்றார்.

“ரேஷன் பாமாயில விட்டீகளாண்ணே?”

“அதெப்படி விடுறது? வடை சுட அதுதான் தோது.”

அக்கா விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேரன் அவர் போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நாங்கள் கிளம்பும்போது என்னை அருகே அழைத்து, “இனிமே ஒன்னய அந்தக் கேள்வி கேக்க மாட்டேன். கேட்டுக்கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு” என்றார். அந்த மனக்குறை தீர்ந்த பிறகுதான் அவர் போனார். என் நிம்மதி அதுதான்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துவைத்திருப்பது, முடியாது என்று சொல்லிவிட்டு, திட்டுகிறவரிடமே சாப்பிட்டீர்களா என்று கேட்ட அந்தக் குரலை. கேட்டது ஒப்புக்காக இல்லை. அப்பா அன்று சாப்பிட்டிருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதைத் தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களும் படிப்பார்கள் என்ற தைரியத்தில் கேட்கிறேன். அக்காவின் இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கப்போவதாகச் சொல்கிறார்கள். பாண்டி மறுபடி கப்பலேறப் போகிறான். அவன் கப்பல் நின்றாலும் முத்திரையைப் பார்க்காமல் எழுத மாட்டேன். அந்த வேலையை எனக்குக் கொடுங்கள்.