முழங்காலுக்கு மேல் தண்ணீர்

எங்கள் காலனிக்காரர்களுக்குக் கடல் என்பது முழங்கால்வரைதான். அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் சத்யநாராயணன் சார் விசில் ஊதுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கழுத்தில் நிஜமாகவே ஒரு விசில் தொங்கும்.

கிண்டியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊரப்பாக்கத்தில் வீடு கட்டி வந்தவர். சும்மா இருக்கத் தெரியாத ஆத்மா. தண்ணீர் லாரி, தெருவிளக்கு, குப்பை வண்டி என்று எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்துவிட்டு, கடைசியில் எங்கள் அசோசியேஷனின் 'பீச் இன்சார்ஜ்' ஆனார். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை காலனி ஜனங்கள் ஒரு வேன் பிடித்துக் கடற்கரைக்குப் போவோம். எந்தக் கடற்கரை என்று அவர்தான் முடிவு செய்வார். பெசன்ட் நகரா, கூட்டம். நீலாங்கரையா, வேனை எங்கே நிறுத்துவது? மாமல்லபுரம் என்றால் கோவிலோரம் நின்று அழகு பார்க்கலாம், இறங்கக் கூடாது. சதுரங்கப்பட்டினம்தான் அவருக்கு ரொம்ப இஷ்டம். கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடலைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் அல்லவா!

இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பீச்சுக்குப் போவது என்றால் கால் நனைப்பதுதான். புடவையைக் கெண்டைக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அலை வந்தால் ஒரு கூச்சல் போட்டுப் பின்னால் ஓடி வருவோம். அப்புறம் மிளகாய் பஜ்ஜி, சுண்டல், வீடு. கடலில் குளித்தேன் என்று எங்கள் காலனியில் ஒருத்தி சொன்னால், கூட யார் வந்தார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அவருடைய மனைவி ஞானாம்பாள் அக்காவுக்கு மட்டும் அது போதவில்லை. கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவள், சின்ன வயதில் அரசலாற்றில் அக்கரைக்கு நீந்திப் போய் அம்மாவிடம் அடி வாங்கியவள். கல்யாணமான புதிதில் மாமல்லபுரத்தில் "கொஞ்சம் உள்ளே போய் நீந்தட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். "பொம்பளைங்களுக்குக் கடல் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் கேட்பாள், ஒவ்வொரு தடவையும் அதே பதில். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கே கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எனக்கு வருகிற கோபம்கூட அவளுக்கு வராது. முழங்காலளவு தண்ணீரில் நின்று தூரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள், விசில் ஊதினால் திரும்பி வந்துவிடுவாள்.

கோவளத்து விஷயத்தில்தான் எனக்கு முதலில் பொறி தட்டியது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்தால் எங்களுக்குப் பக்கத்துக் கடற்கரை அதுதான். ஆனால் சார் ஒரு தடவைகூட அதைத் தேர்ந்தெடுத்ததில்லை. கேட்டால், "நேர்ல போய் சர்வே பண்ணிட்டேன் காமு. சரிப்படாது" என்பார். வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்: 'கோவளம். அலை அதிகம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றதல்ல.' சரி, விடு என்றிருந்தேன். பிறகு பார்த்தால், சரிப்படாத கோவளத்துக்கே ஞாயிறு தவறாமல் விடியற்காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சர்வேக்குப் போகிறார்! சரிப்படாத இடத்தில் ஒரு மனுஷனுக்கு வாராவாரம் என்ன ஆராய்ச்சி?

நான் சந்தேகப் பிராணி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும். நெருப்பில்லாமல் புகையாது. சர்வே முடிந்து வருகிறவர் தலை ஈரமாக இருக்கும். கேட்டால் வியர்வை என்பார். வெயிலே ஏறாத நேரத்தில் என்ன வியர்வை? மீசைக்கு மை பூச ஆரம்பித்தார். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நடந்தார். அதுவரை பாட்டென்று வாயே திறக்காத மனுஷன் மாடியில் துணி காயப்போடும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார்.

ஒரு நாள் ஞானாம்பாள் அக்கா அவருடைய பனியனைக் கொண்டுவந்து என் மூக்கருகே நீட்டினாள். "இது என்ன வாசனைன்னு சொல்லு காமு."

தேங்காயும் ஏதோ சென்ட்டும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நெஞ்சுப் பக்கம் பிசுபிசுவென்று வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஆம்பளை பூசிக்கொள்கிற எதுவும் அப்படி மணக்காது.

"இன்னொண்ணு சொல்றேன், வெளியே சொல்லாதே" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "நெஞ்சிலே சிவப்பு சிவப்பா சிராய்ப்பு. என்னன்னு கேட்டேன். கொசு கடிச்சதுன்னு சொல்றாரு."

கொசுவாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் மனுஷன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பனியனை மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் விஷயம் முற்றியது. சார் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. திரையில் 'ஜாஸ்மின் கோவளம்'. அக்கா எடுத்து ஹலோ சொல்வதற்குள் ஒரு பெண் குரல், "சார், நாளிக்கு சீக்கிரம் வந்துடுங்க. போன வாரம் மாதிரி லேட் பண்ணீங்கன்னா நான் வெய்ட் பண்ண மாட்டேன், சொல்லிட்டேன்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டதாம்.

அக்கா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பொழிச்சலூரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, மாடி அறை காலியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். பிறகு என்னிடம், "நாளைக்கு என்கூட வா. கண்ணால பாத்துட்டேன்னா முடிவு பண்ணிடுவேன். பாக்காம ஒரு மனுஷன் மேல பழி போட மாட்டேன்" என்றாள். இத்தனை வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவள் பையில் நாலு புடவையை மடித்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவர் ஸ்கூட்டர் கிளம்பிய பிறகு நாங்கள் வண்டலூர் போய் கோவளம் பஸ்ஸைப் பிடித்தோம். பை அவள் மடியில் இருந்தது. வழி நெடுக நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். கேளம்பாக்கம் தாண்டும்போது அவள், "அந்தப் பொண்ணு குரல் ரொம்பச் சின்னதா இருந்துச்சு காமு" என்றாள்.

கோவளத்தில் படகுகள் கரையேறியிருந்தன. மணலில் தார்ப்பாய் விரித்து மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம் போய், ஜாஸ்மின் என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

"எம்பொண்ணுதான். எம்பேரு அருள்மேரி. இன்னாக்கா விசயம்?" என்றாள்.

போனில் சாரின் படத்தைக் காட்டினேன். "இவரைத் தெரியுமா?"

"அய்ய, நம்ம சாரு! வாரா வாரம் வந்துகினுதான் கீறாரு. இப்பகூட அவகூடத்தான் கீறாரு." அருள்மேரி கையை நீட்டினாள். "அந்தாண்ட, தண்ணிக்குள்ள."

தாய்க்காரியே இப்படி வெட்கமில்லாமல் கைகாட்டுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், முழுக்கை பனியன், உச்சியில் கொண்டை. அவள் கையில் ஒரு நீளமான பலகை. பலகையின் மேல் குப்புறப் படுத்திருந்தது எங்கள் பீச் இன்சார்ஜ். பின்னால் அலை எழும்பியது. "சார், எந்திரி எந்திரி!" என்று கத்திக்கொண்டே அந்தப் பெண் பலகையைத் தள்ளிவிட்டாள். தொப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் எழுந்தார். நின்றார். கையை விரித்துக்கொண்டு சில நொடிகள் அலையோடு வந்தார். அப்புறம் தொபுக்கடீர். தண்ணீருக்கு வெளியே வந்த தலை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது.

அடக் கடவுளே, சர்ஃபிங்! பலகையில் உரசித்தான் அந்தச் சிராய்ப்பு. கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் தேய்க்கிற மெழுகுதான் அந்த வாசனை. எனக்கு அப்பாடா என்று உயிர் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "அக்கா, பொம்பளையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! கிழவனுக்கு வந்த ஆசையைப் பாருங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவள் சிரிக்கவில்லை. முகம் பஸ்ஸில் இருந்ததைவிட மோசமாக இருந்தது.

பலகையை இழுத்துக்கொண்டு கரையேறிய சார் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "ஞானம், நீ எப்படி இங்கே..."

"பெண்களுக்கு ஏற்றதல்லன்னு எழுதினீங்களே" என்றாள். "அப்ப இந்தப் பொண்ணு யாரு?"

"கோச்சு ஞானம். கத்துக் குடுக்குறா. பிறந்ததுலேர்ந்தே இந்தக் கடல்ல..."

"ஏன் சொல்லல?"

அவர் மணலைப் பார்த்தார். பொய் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மனுஷனுக்கு அன்றைக்கென்று உண்மை வந்து தொலைத்தது. "சொன்னா நீயும் வரேன்னு சொல்லுவே."

"ஆமா. சொல்லியிருப்பேன்" என்றாள். "வேற ஒருத்தி இருந்திருந்தா சண்டை போட்டுட்டு எந்தம்பி வீட்டுக்குப் போயிருப்பேன். அது வேற. இது நான் கேட்டது. கல்யாணமான நாள்லேர்ந்து உங்ககிட்ட நான் கேட்டது இது ஒண்ணுதான். எனக்கு ஆகாதுன்னு சொல்லிட்டு, தனியா வந்து..." அவர் கையிலிருந்த பலகையைக் காட்டினாள். "எனக்குன்னு கேட்டதை நீங்க எடுத்துக்கிட்டீங்க."

நான் என் சிரிப்பை விழுங்கினேன். எனக்கு இது உறைக்கவில்லையே என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது. ஊருக்கு உபதேசம் செய்கிற ஆம்பளை என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவள் தன் ஆசையையே அவரிடம் பறிகொடுத்தவள்.

அவள் பையை என் கையில் கொடுத்தாள். புடவையைக் கீழ்ப்பாய்ச்சி இழுத்துக் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகினாள். நேராகத் தண்ணீருக்குள் நடந்தாள்.

"ஞானம், வேண்டாம்! அலை பெருசு! ஏம்மா ஜாஸ்மின், நிறுத்து அவளை!"

"ஆன்ட்டி, நீச்சல் தெரியுமா?" என்று ஜாஸ்மின் கேட்டாள். அக்கா தலையாட்டினாள். "அப்ப எங்கூடவே வாங்க. அலை வந்தா மூச்சப் புடிச்சு உள்ள முங்குங்க" என்று சொல்லி அந்தப் பெண் அவள் பக்கத்திலேயே போனாள்.

முழங்கால் தாண்டியது. இடுப்பு தாண்டியது. முதல் அலை வந்து அவளை மூடியபோது நான் கும்பிடாத சாமி இல்லை. அலை போன பிறகு கொண்டை அவிழ்ந்த தலை மட்டும் தெரிந்தது. அடுத்து ஒரு கை எழுந்து விழுந்தது. பிறகு இன்னொரு கை. அந்த அம்பத்தி மூணு வயசுக்காரி அலைகளுக்கு அந்தப் பக்கம், கரைக்கு இணையாக நீந்தினாள். சார் பலகையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் கரையேறியபோது உடம்பு முழுக்க நடுங்கியது. மூச்சு வாங்கியது. அழுதாளா, உப்புத் தண்ணீரா என்று தெரியவில்லை, ஆனால் முகம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. சார் தன் துண்டை நீட்டினார். வாங்கிக்கொண்டாள்.

அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. "நீ இவ்வளவு நல்லா நீந்துவேன்னு எனக்குத் தெரியவே தெரியாது ஞானம். தப்பு என்மேலதான். இனிமே ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் சேர்ந்தே வரலாம், என்ன?" என்றார். பரவாயில்லையே, மனுஷன் திருந்திவிட்டார் என்று நானும் நினைத்தேன்.

ஞானாம்பாள் அக்கா தலையைத் துவட்டி முடித்தாள். துண்டை மடித்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு ஜாஸ்மின் பக்கம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை இவர் வருவாரு" என்றாள். "எனக்கு வேற கிழமை சொல்லும்மா."