மூன்றாவது பலகை

அந்தக் கதவு நீல நிறம். பாலத்தின் வலது முனையில் இருக்கும். திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் நானாவுக்கு, மூத்த அண்ணனுக்கு, தெரியும். போனில் தேடினால் அரை நிமிடத்தில் காட்டிவிடும் என்று சொல்கிறார்கள். தேடமாட்டேன். எனக்கு வேண்டியது அதுவல்ல.

சின்ன வயதில் மாத்தளையில் எங்கள் வீட்டில் ஒரு டிவி கேம் இருந்தது. இரண்டு பேருக்கும் பொது என்று சொல்லித்தான் வாப்பா வாங்கித் தந்தார். முதுகில் மூட்டையோடு ஒரு குள்ளன் ஓடுவான், தாவுவான், விழுந்தால் செத்துப்போவான். செத்தால் மறுபடி முதலிலிருந்து. விட்ட இடத்தில் வைத்து மறுநாள் தொடரும் வசதியெல்லாம் அந்தப் பெட்டியில் கிடையாது. குகை, பாறை, நீர்வீழ்ச்சி எல்லாவற்றையும் தாண்டினால் ஒரு மரப்பாலம். பாலம் முடிந்து ஒரு தாவல். பிறகு அந்தக் கதவு.

குள்ளனைப் பாலம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது நான்தான். நானாவுக்குப் பொறுமை இல்லை. முதல் குகையிலேயே இரண்டு தரம் செத்துவிட்டு ரிமோட்டை என் மடியில் எறிந்துவிடுவார். பாலத்தில், கதவுப் பக்கமிருந்து எண்ணினால் மூன்றாவது பலகை மோசமானது. மூன்று எண்ணும் நேரம் அதில் நின்றால் பலகையோடு கீழே போக வேண்டியதுதான். எத்தனை தரம் விழுந்து இதைக் கண்டுபிடித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகுதான் எங்களை விளையாட விடுவார்கள். வாப்பாவுக்கு மிளகு, கராம்பு வியாபாரம். நாவுல ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் ஆட்கள் பள்ளியில் தொழுதுவிட்டு அவரோடு வீட்டுக்கு வருவார்கள். நான் பாலத்துக்கு வருவதும் அவர்கள் முன் அறையில் உட்காருவதும் ஒரே நேரம். "மகள், தேத்தண்ணி" என்று வாப்பா கூப்பிடுவார். முதல் கூப்பாட்டுக்கு எழும்பமாட்டேன். எப்படியும் பாலத்தைக் கடந்துவிடப் பார்ப்பேன். கடந்தும் விடுவேன். மிச்சம் ஒரேயொரு தாவல் இருக்கும். அதற்குள் இரண்டாவது கூப்பாடு வரும். அந்தக் குரலுக்குப் பிறகு உட்கார்ந்திருக்க முடியாது.

அப்போது நானா கையை நீட்டுவார். "தா, நான் முடிச்சு வைக்கிறேன்."

கொடுத்துவிட்டுப் போவேன். கோப்பைகளை வைத்துவிட்டு ஓடி வந்து பார்த்தால் ஆட்டம் முதல் குகையில் நிற்கும். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால், நீயே இருந்து பார்த்திருக்கலாமே என்பார். சும்மா உட்கார்ந்திருந்தவரை ஏன் தேத்தண்ணிக்குக் கூப்பிடவில்லை என்று நானும் வாப்பாவைக் கேட்டதில்லை. கேட்காமல் விட்ட என் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நானாவும் மதினியும் கொழும்பிலிருந்து வந்தார்கள். நானா ஒரு புது கேம் மெஷினும் கொண்டுவந்திருந்தார். இரண்டு பேர் ஒருவரையொருவர் அடித்து விழுத்துகிற விளையாட்டு. எந்த இடத்தில் நின்று அடித்துக்கொள்வது என்று முதலில் தெரிவு செய்ய வேண்டும். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனார். திடீரென்று எங்கள் பாலம் வந்து நின்றது. அதே நீர்வீழ்ச்சி, அதே பலகைகள், அதே நீலக் கதவு. ஆனால் இதில் கதவு வெறும் சித்திரம். எதிராளியைத் தள்ளிக்கொண்டுபோய் அதில் முட்டவைக்கலாம், திறக்க முடியாது. குள்ளன் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சண்டைக் களமாக்கி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டைப் பற்றி அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

நானா மதினியிடம் அளக்கத் தொடங்கினார். இந்தப் பாலத்தைத் தினமும் கடந்தது தானாம். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாளாம். கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், பத்துப் பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற நான், சின்னப் பிள்ளைபோல் மற்ற ரிமோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் சுற்றில் நன்றாக அடி வாங்கினேன். எந்தப் பட்டனுக்கு உதை, எந்தப் பட்டனுக்குக் குத்து என்றே தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் அடிப்பதை விட்டுவிட்டேன். பின்வாங்கிப் பின்வாங்கி அவருடைய ஆளைக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது பலகையில் அவன் நின்று என்னைக் குத்திக்கொண்டிருந்தான். மனதுக்குள் எண்ணினேன். மூன்றில் பலகை போனது, அவனும் போனான்.

மதினி சிரிக்கவில்லை. "தினமும் கடந்த ஆளுக்கு அந்தப் பலகை தெரியாதா?" என்று கேட்டார்.

"இதுல மாத்தி வச்சிருக்கானுங்க" என்றார் நானா.

மாற்றவில்லை. ஒரு ஆணிகூட மாற்றவில்லை.

கடைசிச் சுற்று தொடங்கி, மறுபடி அவரைப் பாலத்தின் முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம் கேட்டது. வாப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, குரல் மட்டும் தளரவில்லை. "மகள், ஆக்கள் வந்திருக்காங்க. தேத்தண்ணி."

நான் எழும்பவில்லை. இரண்டாவது கூப்பாடும் வந்தது.

நானா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் பக்கம் கையை நீட்டினார். "தா, நான் முடிச்சு வைக்கிறேன்."

அவருடைய மற்றக் கையில் அவருடைய ரிமோட் இருந்தது. என் எதிராளியே அவர்தான். அது அவருக்கு நினைவில் இல்லை. அந்தக் கை தானாகவே நீண்டது. இத்தனை வருடமாக நான் சுமந்த ஆத்திரம் அவருக்கு வெறும் பழக்கமாக இருந்திருக்கிறது.

"ஒங்கட கையில ஒன்னு இருக்கு நானா" என்றேன். "தேத்தண்ணிய நீங்க ஊத்துங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. மற்றக் கை பட்டனில் பட்டு, திரையில் அவருடைய ஆள் மூன்றாவது பலகையில் வந்து சும்மா நின்றான்.

நான் மூன்று எண்ணினேன்.